ஆராய்ச்சியம்மா வரையாமல் விட்ட இடம்

மாதக் காலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில்தான் அவர் எங்கள் ஏரியை முதலில் வரைந்தார். முடிந்துபோன வருடத்துக் காலண்டர், என் வீட்டுச் சுவரிலிருந்து நானே கழற்றிக் கொடுத்தது. அதைக் கரை மணலில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு மட்டிச் சிப்பியை வைத்து, நீலப் பென்சிலால் சுற்றி ஒரு கோடு இழுத்தார். அது ஏரி மாதிரியே இல்லை, யாரோ மிதித்துப்போட்ட பலாப்பழம் மாதிரி இருந்தது. "சிரிக்காதீங்க அக்கா, எனக்கு டிராயிங் வராது" என்றார். சிரித்துக்கொண்டேதான் நானும் விரலை நீட்டினேன். முகத்துவாரம் இங்கே, தீவு இங்கே, லைட்ஹவுஸ் இந்தப் பக்கம். பேச்சோடு பேச்சாக விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து ஓர் இடத்தில் போய் நின்றது. "இங்கதான் மேடம் நாங்க ஆறு பேரும் எறங்குவோம்" என்றேன். அவர் அந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. எனக்குச் சாதாரணமாகவே பயம் அதிகம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள். அன்று பயப்படுவதற்கு நிஜமான காரணமே இருந்தது.

அவரை எங்கள் ஊரில் எல்லோரும் ஆராய்ச்சியம்மா என்றுதான் சொல்லுவோம். எங்கோ தெற்கே ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், மூன்று வருடம் லீவு போட்டுவிட்டு, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் துறையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்திருந்தார். வயது என் வயதுதான், நாற்பதைத் தொட்டிருக்கும். பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எங்கள் குப்பத்துக்கு வருவார். தோளில் ஒரு துணிப்பை, கையில் குடை, காலில் ஷூ. ஷூ முதல் வாரத்தோடு போய்விட்டது.

அவர் வந்தது ஆண்களின் பாட்டைப் பற்றி எழுத. பாடு என்றால் முறை. ஏரியில் எந்தத் துறையில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று ஆண்கள் கூட்டம் போட்டுச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். சீட்டில் வராதவன் அன்று அங்கே வலை போட முடியாது. இதைப் பற்றிக் கேட்க யார் வந்தாலும் எங்கள் ஆண்கள் நாற்காலி போட்டு, கூல் டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்துப் பேசுவார்கள். ஆராய்ச்சியம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. நோட்டு நிறைய எழுதிக்கொண்டு திரும்புகிற வழியில், தண்ணீரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த எங்களைப் பார்த்துவிட்டார். கழுத்தில் இறால் போடுகிற ஓலைப் பறி தொங்க, புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, இடுப்பு வரை சேறோடு ஆறு பெண்கள். "உங்களுக்கும் பாடு உண்டா?" என்று கேட்டார்.

என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, பறியை இறக்காமலே சொன்னாள். "சீட்டு ஆம்பளைங்களுக்குத்தான் மேடம். எங்களுக்குக் கைதான்."

வலை இல்லாமல், தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். எங்கள் பக்கத்தில் நிறைய பெண்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள். எங்கள் ஆறு பேருக்கு என்று ஓர் இடம் இருந்தது. ஆழம் இல்லாத, சேறு மெத்தென்று இருக்கிற இடம். கோடையில் மற்ற எங்கேயும் கிடைக்காத நாட்களில்கூட அங்கே இறால் பதுங்கியிருக்கும். அதற்கு நாங்களே வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இங்கேயும் சொல்லப் போவதில்லை. அங்கே எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். கலங்காத சேற்றில் முன்னால் போகிறவளுக்குத்தான் அதிகம் சிக்கும் என்பதால், தினம் ஒருத்தி முன்னால் போவாள். பிள்ளை பெற்று எழுந்து வந்தவள் முதல் ஒரு மாதம் முழுக்க முன்னால் போவாள். யாரும் இதைக் கூட்டம் போட்டுச் சொன்னதில்லை. எனக்கு முன்னால் இறங்கியவர்கள் அப்படிச் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

ஆராய்ச்சியம்மாவுக்கு இதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. ஆண்களுடைய நோட்டை மூடி வைத்துவிட்டு எங்களுக்கென்று ஒரு புது நோட்டு வாங்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அரசியல் துறைன்னா எந்தக் கட்சி மேடம்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"கட்சி இல்லக்கா. யார் முன்னால போறது, யார் பின்னால போறது, அதை யார் முடிவு பண்றது. அதைத்தான் நாங்க படிக்கிறோம்."

"அதுக்கு ஒரு காலேஜா?" என்றாள் ஓரகத்தி. "எங்க மாமியார இட்டுனு போங்க. மூணு நாள்ல முடிச்சிடும்."

ஆராய்ச்சியம்மா சிரித்துச் சிரித்துக் குடையைக் கீழே போட்டுவிட்டார். அவர் சிரிப்பில் ஒரு விசேஷம் உண்டு. சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும், கண்ணாடி மூக்கில் இறங்கிவிடும். மூன்று மாதம் எங்களோடு தண்ணீரில் இறங்கினார். சிப்பி கிழித்துக் கால் இரண்டு முறை வீங்கியது. நண்டு கடித்தது. மூன்றாம் மாதம் ஒரு நாள் ஒன்பது இறால் பிடித்துவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி பறியை நீட்டிக் காட்டினார். ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "இந்த ஒம்போதும் வயசானதுங்க மேடம். ஓட முடியாம உங்க கைல வந்து குந்திக்குச்சு."

அந்த வட்டத்தைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இடம் ஆறு பேருடையது. சொன்னது நான் ஒருத்தி, ஐந்து பேரைக் கேட்காமல். வலை கட்டுகிற ஆண்களுக்குத் தெரிந்தால் அதையும் சீட்டில் சேர்த்துவிடுவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்தால் ஒரே வாரத்தில் சேறு முழுக்கக் கலங்கிவிடும். அழித்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பாரோ என்று பயம். கேட்காவிட்டால் என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் போனுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. அவருடைய துறையில் பொதுச் சொற்பொழிவு, யார் வேண்டுமானாலும் வரலாம், தலைப்பு ஏரியில் பெண்கள் வைத்திருக்கும் சட்டம் பற்றி. மேலே அவர் படம். கீழே, அழகாக, பலாப்பழம் மாதிரி இல்லாமல், கம்ப்யூட்டரில் வரைந்த எங்கள் ஏரி. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகள் புள்ளி புள்ளியாக உடைந்தன. வட்டம் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை.

மூன்று நாள் தூக்கம் இல்லை. நான்காம் நாள், கண் டெஸ்ட்டுக்குப் போகிறேன் என்று ஓரகத்தியிடம் பொய் சொல்லிவிட்டு, பொன்னேரிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் சென்னைக்குப் போனேன். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரைப் பிடித்து, அந்தப் படத்தை மட்டும் காட்ட வேண்டாம் என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன். கூடத்தின் வாசலில் என்னைப் பார்த்ததும் "அக்கா!" என்று ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். "மேடம், அந்த வட்டம்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் யாரோ மைக் வேலை செய்யவில்லை என்று அவரைக் கூப்பிட, என்னை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏ.சி. குளிரிலும் எனக்கு வியர்த்தது.

நன்றாகப் பேசினார். எங்கள் பறியைப் பற்றி, சட்டையைப் பற்றி, பிள்ளை பெற்றவள் முன்னால் போவதைப் பற்றி. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார், ஆனாலும் கேட்கக் கேட்க எனக்கே புதிதாக இருந்தது. பிறகு திரையில் ஏரி வந்தது. நான் சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். ஆண்கள் வலை கட்டும் துறைகள் எல்லாம் சிவப்பு சிவப்பாக இருந்தன. எங்கள் இடத்தில் வெறும் நீலம். வட்டம் இல்லை. அப்படி ஒரு நிம்மதி என் வாழ்க்கையில் இரண்டு மூன்று முறைதான் வந்திருக்கும்.

அது ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. கேள்வி கேட்கலாம் என்றதும், கட்டம் போட்ட சட்டையில் ஒரு பேராசிரியர் எழுந்தார். வேறு ஊரிலிருந்து வந்தவர், பெரிய ஆள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"பெண்களுக்குன்னு தனியா ஓர் இடம், தனியா ஒரு முறை இருக்குன்னு சொல்றீங்க. அந்த இடம் வரைபடத்துல இல்லையே. எங்க இருக்கு?"

"அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல சார்" என்றார் ஆராய்ச்சியம்மா.

"இடத்தைக் காட்ட மாட்டீங்க. அப்புறம் அது இருக்குன்னு நாங்க எப்படி நம்பறது? இது ஆராய்ச்சியா, ரகசியமா?"

கூடம் சிரித்தது. ஆராய்ச்சியம்மா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் பொய் என்றால், அது மெய் என்று தெரிந்தவர் எழுந்து போய்ச் சொன்னவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வாய் திறக்க வேண்டாம். நின்றாலே போதும். பின்னால் அது பொய்யாகிவிட்டால் இருவருக்கும் ஒரே தண்டனை. பெண்கள் கூட்டத்துக்குள் போக மாட்டோம், ஓரமாக நின்று பார்ப்போம். பார்த்தது மட்டும்தான், செய்தது இல்லை. பல்கலைக்கழகத்தில் கேள்வி கேட்பது அன்றாட வேலை, அங்கே யாரும் யாரையும் பொய்க்காரி என்று சொல்லவில்லை என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்கு அது எங்கள் ஊர்க் கூட்டம் மாதிரிதான் தெரிந்தது. அவர் ஒருத்தியாக நிற்கிறார், மெய் தெரிந்தவள் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்தேன். படி ஏறி, மேடையில் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"அம்மா, கேள்வி இருந்தா உட்கார்ந்த இடத்துக்கே மைக் வரும்" என்றார் தலைமை தாங்கியவர். நான் பேசவில்லை. யாரோ ஒரு பையன் மைக்கை நீட்டினான். வாங்கவில்லை. கூடம் முழுக்கக் கிசுகிசு. ஆராய்ச்சியம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வழக்கத்தை அவரே எங்கள் ஆண்களிடம் கேட்டு எழுதியிருந்தார். மெதுவாக அரை அடி நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு நிமிர்ந்து, "சார், அவங்க ஊர்ல இதுதான் பதில்" என்று அந்த வழக்கத்தை எடுத்துச் சொன்னார்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "பொய்யா இருந்தா உங்களுக்கும் தண்டனையாம்மா?"

"ஆமா சார்."

"என்ன தண்டனை?"

"உங்க ஊர்ல இன்னா தண்டனைனு எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

இந்த முறை கூடம் வேறு மாதிரி சிரித்தது. அவரும் சிரித்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் நம்பிவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

வெளியே படிக்கட்டில் காகிதக் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வட்டம் எங்கே போனது என்று கேட்டேன். "அன்னிக்கு நான் அதைப் போட்டதும் உங்க முகத்தைப் பார்த்தேன் அக்கா. ரூமுக்குப் போனதுமே ரப்பரால அழிச்சிட்டேன். ஆறு பேர் இடத்தை ஒருத்தர் சொல்லி நான் எப்படி வரையறது?" என்றார். நான்கு மாதமாக நான் பயந்து கிடந்தது அவர் அன்றைக்கே அழித்துவிட்ட ஒன்றுக்காக.

கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று சொன்னார். இடத்தைக் காட்டாவிட்டால் எங்களைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அவருடைய வழிகாட்டி சொல்லிவிட்டாராம். பட்டம் நின்றுவிடாது, ஆண்களின் பாட்டைப் பற்றி எழுதியதே போதுமாம்.

"அப்ப நாங்க?" என்று கேட்டேன்.

அவர் கப்பை நசுக்கிக்கொண்டிருந்தார். ரயிலில் வரும்போது அதே கேள்விதான் எனக்குள் ஓடியது. இடத்தைக் காப்பாற்றப் போனவள், எங்களையே காணாமல் அடித்துவிட்டு வருகிறேனோ என்று தோன்றியது.

ஊருக்கு வந்தால் வாசலில் ஓரகத்தி நிற்கிறாள், கையில் போன். யாரோ அந்தக் கூட்டத்தை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டிருந்தார்கள்.

"இன்னாடி, கண்ணு டெஸ்ட்டுக்கு மேடைல ஏத்தி நிக்க வெச்சாங்களா? பல்பு எரிஞ்சுதா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரல் நீட்டியதிலிருந்து ஆரம்பித்து. ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஓரகத்தி வாயில் வந்ததெல்லாம் திட்டினாள். என் நைனாவையும் விடவில்லை. திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த அம்மா அழிச்சிட்டாங்களா, நெஜமா?" என்றாள். ஆமாம் என்றேன். "நாம வாணாம்னு சொல்லாமயே?" ஆமாம் என்றேன். அப்புறம் அவள்தான் சொன்னாள், "அந்தக் கட்டம் போட்ட சட்டைய வரச் சொல்லு. வந்து தண்ணில எறங்கட்டும். எழுத்துல காட்ட மாட்டோம், கண்ணுல காட்டுவோம்." ஒவ்வொருத்தியிடமும் சம்மதம் கேட்டாள். நான்கு பேரும் சரி என்ற பிறகு என்னைப் பார்த்து, "நீயும் சொல்லுடி. நீ மட்டும் தான் கேக்காம சொல்லுவ" என்றாள்.

பேராசிரியர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு காலை நேரம் ஆராய்ச்சியம்மாவோடு வந்து இறங்கினார், பேண்ட்டை முட்டிக்கு மேலே மடித்துக்கொண்டு. ஓரகத்தி கையை நீட்டினாள். "போன வெச்சிட்டு வா சார். தண்ணில வுழுந்தா அப்புறம் எறாதான் ஹலோ சொல்லும்." கொடுத்துவிட்டார். நேராகப் போனால் அரை மணி நேரத்தில் போகிற இடத்துக்குத் தீவுகளைச் சுற்றிச் சுற்றி இரண்டு மணி நேரம் படகில் கூட்டிக்கொண்டு போனோம். எனக்கு ஒரே கவலை லைட்ஹவுஸ். அது எங்கே நின்றாலும் தெரியும். அதை வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் அவர் முட்டி போட்டு, சேற்றைத் தடவி, ஒரு மணி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் செருப்பை மட்டும் கண்டெடுத்தார். "ஒத்த காலுக்குத்தான் கெடச்சுதா சார்?" என்று எங்கள் ஆட்கள் கேலி செய்தார்கள். அப்போது எங்களில் ஒருத்தி பிரசவம் முடிந்து அந்த வாரம்தான் இறங்கியிருந்தாள். தினம் மாறும் வரிசைப்படி அன்று முன்னால் போக வேண்டியவள் ஓரகத்தி. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஒதுங்கி நிற்க, அந்தப் பெண் முன்னால் போனாள். பேராசிரியர் கேலிக்குச் சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அவங்களை முன்னால போகச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

கரைக்குத் திரும்பிப் போனை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "லைட்ஹவுஸ் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு நான் பார்க்கலம்மா. தலையைக் குனிஞ்சுக்கிட்டேதான் வந்தேன்" என்றார். என் கவலை என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ.

பேராசிரியர் ஆராய்ச்சியம்மாவின் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார், போனேன், பார்த்தேன், இருக்கிறது என்று. அத்தியாயம் தங்கியது. பட்டம் வாங்கிய பிறகு ஆராய்ச்சியம்மா தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் ஆறு பேருக்கும் பொதுவாகக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டுவேன், அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் மட்டும் அடியில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரிக்குக் கோடு போட்டு, பக்கத்தில் பேனாவால் அதையே தமிழில் எழுதியிருந்தார்: "இந்த இடம் எங்கே இருக்கிறது என்று இங்கே தடவிப் பிடிக்கும் பெண்களுக்குத் தெரியும்."

இப்போது அவர் தெற்கே தன் கல்லூரிக்கே திரும்பிப் போய்விட்டார். புயல், வெள்ளம் என்று டி.வி.யில் வந்தால் அன்றே போன் வரும். எல்லோரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில், "இடம் இருக்கா அக்கா?" என்பார். "இருக்குது மேடம்" என்பேன்.

போன மழைக்கு அந்த இடம் போய்விட்டது. வெள்ளம் கொண்டுவந்த மணல் அதை மூடிவிட்டது. சேறே இல்லை, கால் வைத்தால் நறநற என்கிறது. இரண்டு மாதம் அலைந்து, ஏரியில் வேறு பக்கத்தில், அதே மாதிரி மெத்தென்ற சேறுள்ள இன்னோர் இடத்தைக் கண்டுபிடித்தோம். முறை அதேதான், ஆட்கள் அதே ஆறு பேர்தான். ஆனால் எனக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது. அவர் ஒன்று எழுதி, பெரிய மனிதர் ஒருவர் பார்த்துச் சாட்சி சொல்லி, பட்டம் கொடுத்த விஷயம். நாளைக்கு யாராவது வந்து பார்த்து, இங்கே மணல்தானே இருக்கிறது என்றால்? பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களா? இந்தத் தடவை அவர் கூப்பிடும் வரைக்கும் பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"மேடம், இடம் இருக்குது. ஆனா அங்க இல்ல" என்றேன். மணலைச் சொன்னேன், புது இடம் கிடைத்ததைச் சொன்னேன், பட்டத்தைப் பற்றியும் கேட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தோள் குலுங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, "அக்கா, அந்த வரியை ஒருதடவை படிங்க" என்றார். புத்தகத்தை எடுத்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். இந்த இடம் எங்கே இருக்கிறது என்று இங்கே தடவிப் பிடிக்கும் பெண்களுக்குத் தெரியும். மறுபடியும் படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யாகவில்லை. வட்டம் போட்டிருந்தால் ஆகியிருக்கும்.

"பொங்கலுக்கு லீவு இருக்கு. வரட்டுமா?" என்றார் அவர். "புது இடத்தைக் காட்டுவீங்களா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதிரே காலண்டரோ பென்சிலோ இல்லை, கேட்பது அவர். சொன்னால் என்ன?

"இருங்க மேடம்" என்றேன். "அஞ்சு பேரையும் கேட்டுட்டுச் சொல்றேன்."